முருங்கை

நீளமாக இருக்கிறதென்று
முருங்கை என்று நீதான் பெயர் வைத்தாய்.
ஒடிந்தபோது
பெயரைத்தான் முதலில் திட்டினேன்.

சோபாவிலிருந்து ஒரு தாவல், அவ்வளவுதான்.
பல்லிக்காகவோ அழைப்புமணிக்காகவோ.
பின்கால்கள் இரண்டும்
பாதி கழன்ற காலுறைபோல்
இழுபட்டுப் பின்னால் வந்தன.

பரேலில், மழையில்,
டாக்டர் ரூஸ்தம் இடுக்கியால்
பின்கால் விரலை நசுக்கினார்.
வெடுக்கென்று திரும்பி அவரைக் கடிக்கப் பார்த்தது.
"நல்லது" என்றார். "வலிக்கிறது. ரொம்ப நல்லது."
ஆட்டோவில் திரும்பும்போது
அந்த வாக்கியத்தை
நாம் இருவரும் தனித்தனியாக வைத்திருந்தோம்.

முதுகில் பதினேழு தையல்.
ஆறு வாரம் கூண்டு, நான்கடிக்கு மூன்றடி.
தாவக் கூடாது. படி கூடாது.
யாராவது வந்தால் சந்தோஷப்படவும் கூடாது.

என் கைப்பையில் நாக்பூர் மாற்றல் உத்தரவு,
நானே கேட்டு வாங்கியது.
ஆறு வாரம் தள்ளிவைக்கச் சொல்லி எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
குடும்ப உறுப்பினர் உடல்நலம்.
பொய்யில்லை.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை
அடிவயிற்றை இருபுறமும் பிடித்து
அழுத்தி மூத்திரம் எடுக்க வேண்டும்,
விதை நசுங்காமல் எலுமிச்சை பிழிவதுபோல.
நள்ளிரவும் விடிகாலையும் எனக்கு. மற்றது உனக்கு.
பேச்சு நின்று எட்டு மாதமான வீட்டில்
ஃப்ரிட்ஜ் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு.

காலை 6. அரை டம்ளர் இருக்கும். மஞ்சள்.
மதியம் 12. கொஞ்சம்தான். கடித்தது, என்னை.
மாலை 6. வால் அசைந்த மாதிரி இருந்தது.
அதன் கீழே நான்: ஃபேன் காற்றாக இருக்கும்.
மறுநாள் நீ: ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன்.

வழுக்கும் டைல்ஸ் முழுக்க
யோகா பாய்களை வெட்டி ஒட்டினாய்,
ஊதா, பச்சை, தாதரில் எது மலிவோ அது.
கல்யாணத்துக்கு வந்த டர்க்கித் துண்டை
வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன்.
முன்கால்களை அது நடந்தது.
பின்கால்களை நான் நடந்தேன்.
முலுண்டில் எங்கள் மூன்றாம் மாடிக்கு
லிஃப்ட் கணபதி முடிந்துதான் ஓடும் என்றார்கள்.

பாதத்தைக் கவிழ்த்து வைக்கவேண்டும்,
மேற்புறம் தரையில் படும்படி.
அதுவாகத் திருப்பிக்கொள்கிறதா என்று
எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.
முதல் வாரம் நாற்பதுவரை எண்ணி
நானே திருப்பி வைத்தேன்.
மூன்றாம் வாரம் பத்தொன்பது.
ஒருநாள் நான் அடுப்படியில் இருந்தபோது
ஹாலில் உன் குரல்:
மூணு. நாலு. அஞ்சு.
அப்புறம் சத்தமில்லை.
தாளிப்பு கருகும்வரை நின்றிருந்தேன்.
இரவு நோட்டில்: 5. இரண்டு அடிக்கோடு.

ஒடித்து எங்கே குத்தினாலும்
தழைக்கும் என்பது மரத்துக்குச் சரி.
இதற்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம்,
உன் பைக்,
தூங்காத நாற்பத்திரண்டு ராத்திரி.
அப்படியும் தழைத்தது
முக்கால்வாசி.

நாற்பத்து மூன்றாம் நாள் கூண்டைத் திறந்தோம்.
வரவில்லை.
திறந்த கதவைப் பார்த்தபடி படுத்திருந்தது.
பிறகு வந்தது, கள் குடித்தவன் நடையில்,
முன்பாதி ஒரு பக்கம்
பின்பாதி வேறு பக்கம்.
ஊதாப் பாய், பச்சைப் பாய் தாண்டி
நேரே சோபாவின் முன் போய் நின்று
அண்ணாந்து பார்த்தது.

"வேண்டாம்!"

ஒரே நேரத்தில், உரக்க, இரண்டு பேரும்.
யாரைச் சொன்னோம் என்பதுபோல்
அது உன்னைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

அன்றிரவு பதினொரு மணிக்கு
சோபாவைக் கவிழ்த்துப் போட்டு
ஒவ்வொரு காலாக அறுத்தாய்.
ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன்.
கீழ்வீட்டு சாவந்த் மேலேறி வந்து
கதவைத் தட்டினார்.
இன்னும் ஒரு கால்தான் பாக்கி என்று
மராத்தியில் சொன்னாய்,
ரம்பத்தை என்னிடம் கொடுத்துவிட்டு.